நாலு பேராய் விடிந்த சாந்தாமணி

வெள்ளியம்பாளையத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்ட மறுநாள் காலையில், பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் சாந்தாமணி நாலு பேராக எழுந்தாள். நாலு சாந்தாமணிகளும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டு, ஒரே நேரத்தில் கொண்டையை முடிந்துகொண்டு, அடுப்படி வாசலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றபோது, மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற அவள் புருஷன் ஈஸ்வரமூர்த்தி பல் துலக்குவதை நிறுத்தி, நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்து, வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "பால் பத்தாதே" என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. மழை வந்தால் ஏன் வந்தது என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை, காயப்போட்ட மிளகாயை அள்ளத்தான் ஓடுவார்கள். வெள்ளியம்பாளையத்துக்காரர்களுக்கும் உடனே தீர்த்துவைக்க வேண்டிய வேறு கவலைகள் இருந்தன. விசேஷ வீட்டில் வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது நாலு பேருக்கும் தனித்தனியாகக் கொடுப்பதா, ஒருத்தியிடம் கொடுத்தால் போதுமா, எதிரே வந்தால் எந்தச் சாந்தாமணியிடம் எதைச் சொன்னோம் என்று எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்றெல்லாம் பேசிப் பேசி, கடைசியில் அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணியக்காதான் ஒரு வழி சொன்னாள். "ஆளுக்கொரு கலர்ல சேலை கட்டிக்குங்க அம்மிணி, எங்களுக்கும் கண்ணு வலிக்காது." அன்றிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம், அரக்கு என்று நாலு சேலைகள் நாலு சாந்தாமணிகளுக்கு ஆயின.

சாந்தாமணிக்கு மட்டும் இதில் ஆச்சரியத்தைவிடக் கர்வம்தான் அதிகம் இருந்தது, அதை மறைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தோன்றவில்லை. பல வருஷமாக அவள் நடத்திக்கொண்டிருந்த பாடமே இதுதான். கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் பிராசசர் ஒன்று உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வேலையாகச் செய்து முடிக்கும்வரை காத்திருப்பதற்குப் பதில், நாலு பிராசசர்கள் உட்கார்ந்து வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வது, பிரித்துச் செய்ததைத் திரும்பச் சேர்ப்பது. அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டுச் சொல்லும்போது தூங்கி வழிந்த மாணவர்கள், மஞ்சளும் பச்சையும் நீலமும் அரக்குமாக நாலு டீச்சர்கள் வகுப்புக்குள் வந்து, ஒரு கட்டுப் பரீட்சைத் தாளை நாலாகப் பிரித்து, கண்ணெதிரே திருத்தி முடித்து, திரும்பவும் ஒரே கட்டாகக் கட்டிக் காட்டியபோது வாயைப் பிளந்தார்கள். "புரிஞ்சுதா?" என்று நாலு பேரும் கேட்டார்கள். கடைசி பெஞ்சுகூடப் புரிந்தது என்றது.

கல்லூரியில் துறைத்தலைவர் பத்மநாபன் வேறு எதுவும் கேட்காமல் நாலு வகுப்புகளின் கால அட்டவணையை எடுத்து நீட்டினார். பெருவிரல் வைக்கும் வருகை மிஷின் மட்டும் முதல் சாந்தாமணியை ஏற்றுக்கொண்டு மற்ற மூவரையும் ஏற்கெனவே வந்தாயிற்று என்று திருப்பி அனுப்பியது. "வெரலு ஒண்ணுதானுங்களே மேடம், அது மேல தப்பில்ல" என்று பத்மநாபன் மிஷினுக்குப் பரிந்து பேசினார்.

வேலையைப் பிரிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஒருத்தி கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஈரச் சேலையோடு வரிசையில் நிற்கும்போதே ஒருத்தி வகுப்பில் இருந்தாள், ஒருத்தி துணி துவைத்தாள், ஒருத்தி ஈஸ்வரமூர்த்தியின் கடையில் வந்தவர்களுக்குப் பதில் சொன்னாள். ஆனால் அடுப்படி ஒன்றுதான், அரிசிம்பருப்புச் சாதம் வேகும் பாத்திரமும் ஒன்றுதான். முதல் நாளே அங்கே ஒரு கூத்து நடந்தது. மஞ்சள் வந்து ருசி பார்த்து உப்பில்லையே என்று ஜாடியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் பச்சையும் ருசி பார்த்தாள், பச்சை திரும்புவதற்குள் நீலமும் அரக்கும் பார்த்தார்கள், நாலு பேருக்கும் உப்பில்லாமல்தான் இருந்தது, நாலு பேரும் போட்டார்கள். ஈஸ்வரமூர்த்தி ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தான். அதற்குப் பிறகு உப்பு ஜாடியின் மூடி யார் கையில் இருக்கிறதோ அவள் மட்டும்தான் ருசி பார்க்கலாம், போடலாம், போட்டு முடித்த பிறகுதான் மூடியை அடுத்தவளிடம் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. அதே சட்டத்தை வகுப்பில் பூட்டு என்று பேர் வைத்து அவள் சொல்லிக்கொடுப்பது வழக்கம். வீட்டில் மூடி என்றார்கள்.

பூட்டிலும் ஒரு வினை உண்டு. ஒரு நாள் காலையில் நீலம் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சோப்பு வந்தால்தான் குளிப்பேன் என்று காத்திருந்தாள். அரக்கு வெளியே சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அறை காலியானால்தான் சோப்பு என்று காத்திருந்தாள். இருவரும் ஒரே ஆள் என்பதால் பிடிவாதமும் ஒரே அளவில் இருந்தது. கல்லூரி பஸ் வந்து, ஹாரன் அடித்து, போயும் விட்டது. ஈஸ்வரமூர்த்திதான் அரக்கின் கையிலிருந்த சோப்பைப் பிடுங்கிக் கதவுக்கு மேலாக உள்ளே வீசினான். "நாலு பேரு இருக்கற ஊட்டுல நாட்டாமைக்கு ஒரு ஆளு வேணும் போல" என்று சிரித்தான்.

அவர்களுடைய ஞாபகம் ஒரு விசித்திரமான முறையில் நடந்தது. பகலில் ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவளுக்குத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கி எழுந்தால் மட்டும், நாலு பேர் கண்டதும் கேட்டதும் நாலு பேருக்கும் பொதுவாகிவிடும். ஆகவே காலையில் எல்லாரும் ஒன்றையே அறிந்தவர்களாகக் கிளம்பி, சாயங்காலத்துக்குள் நாலு விதமாக அறிந்தவர்களாக ஆகிவிடுவார்கள். கிருஷ்ணவேணியக்கா தன் மகனுக்குப் பேசிவைத்த சம்பந்தம் முறிந்துபோனதைக் காலையில் பச்சையிடம் சொல்லி அழுதாள், மத்தியானம் மஞ்சள் வேலி ஓரமாக நின்று, "ஏனக்கா, நிச்சயத்துக்குச் சேலை எடுத்தாச்சா?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காரணம் தெரிந்தபோது மஞ்சளுக்கு அவமானமாக இருந்தது, நாலு பேரும் போய் மன்னிப்புக் கேட்டார்கள். ஊரும் அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டது. முக்கியமான சேதி என்றால் நாலு பேரையும் தேடிப் பிடித்து நாலு தடவை சொன்னார்கள், இல்லாவிட்டால் மறுநாள் வரை பொறுத்துக்கொண்டார்கள்.

பிரிக்க முடியாத வேலை ஒன்றே ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது, அதன் பெயர் தாரணி. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பிள்ளைக்குத் தலை ஒன்றுதான். சீக்கிரமாகச் சடை பின்னிவிடலாம் என்று நாலு பேரும் நாலு சீப்போடு உட்கார்ந்தபோது அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து மாடுகள் மிரண்டன. அப்புறம் ஒருத்தி பின்னினாள், மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள். தாரணிக்கு நாலு அம்மாக்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. ஒருத்தி திட்டினால் இன்னொருத்தியிடம் போனாள். ஆனால் கூப்பிடும்போது "அம்மா" என்று ஒருமையில்தான் கூப்பிட்டாள், யார் திரும்பினாலும் அவளுக்குச் சரிதான்.

தேர் அன்றைக்குக் காலையில் ஈஸ்வரமூர்த்தி சேலை கட்டிக்கொண்டிருந்த நாலு பேரையும் பார்த்துச் சொன்னான். "கூட்டமா இருக்கும். குழந்தையப் பாத்துக்கறது ஒருத்தருன்னு வெச்சுக்குங்க."

"நாலு பேரு இருக்கறமுங்க. ஒரு குழந்தையப் பாத்துக்க மாட்டமா?" என்றாள் மஞ்சள். மற்ற மூவரும் அதையேதான் சொல்ல வாயெடுத்தார்கள் என்பதால் பேச்சு அதோடு முடிந்தது.

தேர் வடம் பிடிக்கிற ஊரைப் பார்த்தால் சாந்தாமணிக்குத் தன் பாடத்தையே பார்க்கிற மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் ஒரு வடம், அந்தப் பக்கம் ஒரு வடம், ஊரே அதில் தொங்குகிறது, தேரில் ஏறக் கட்டிய தேர்முட்டி மேடையில் நின்று ஒருத்தர் வெள்ளைத் துண்டை வீசினால் எல்லாரும் இழுக்கிறார்கள், துண்டை இறக்கினால் எல்லாரும் நிறுத்துகிறார்கள், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை விழுகிறது. மஞ்சள் சாந்தாமணி தாரணியைக் கையில் பிடித்துக்கொண்டு பலூன்காரனுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரத்தில் பச்சை வளையல் கடையில் நிற்பது தெரிந்தது, அதற்கும் அப்பால் நீலம். தேர் ஆடி அசைந்து கிளம்பியபோது கூட்டம் பின்னால் தள்ளியது, மஞ்சள் கையை விட்டாள். பச்சை பக்கத்தில்தான் இருக்கிறாள், பிள்ளை அவளிடம் போயிருக்கும் என்று நினைத்தாள். வளையல் கடையில் ஒரு விநாடி தன் முந்தானையைப் பிடித்துவிட்டு ஓடிய பிள்ளை நீலத்திடம்தான் போகிறது என்று பச்சை நினைத்தாள். நீலம் அரக்கை நினைத்தாள். அரக்கு, காலையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது மஞ்சள்தானே என்று நினைத்து, நிம்மதியாகக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேரும் கோயில் முன்னால் சந்தித்தபோது ஒவ்வொருத்தியும் மற்ற மூவரின் இடுப்பைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு இடுப்பிலும் பிள்ளை இல்லை. திருவிழாத் திடலுக்குப் பின்னால், சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம், வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நாலு பேரும் நாலு திசைக்கு ஓடினார்கள். அதைத்தானே அவள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்தாள், தேடுகிற வேலையைப் பிரித்துக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று. மஞ்சள் ராட்டினத்துப் பக்கம் ஓடி, "தாரணியப் பாத்தீங்களா? ரோஸ் பாவாடை" என்று கேட்டாள். ராட்டினக்காரர் சிரித்தார். "இப்பத்தானுங்க உங்க பின்னால ஓடுச்சு." பொரிகடைக்காரம்மாவும் அதையே சொன்னாள். "ஏனுங்க டீச்சர், உங்க பின்னாலதான போச்சு? பச்சச் சேலை கட்டிட்டு நீங்க முன்னால ஓட, அது பின்னால ஓட." ஊரில் யாரைக் கேட்டாலும் பிள்ளையை அம்மாவோடு பார்த்ததாகத்தான் சொன்னார்கள், அதனால்தான் ஒருத்தரும் அதைப் பிடித்து நிறுத்தவும் இல்லை. விழாக் கமிட்டி மைக்கில் பொன்னுசாமி முழங்கிக்கொண்டிருந்தார். "தாரணி என்ற குழந்தை எங்கிருந்தாலும் மைக்செட் அருகில் வரவும், உன் அம்மா இங்கே நிற்கிறார்." சொல்லி முடிப்பதற்குள் அங்கே நின்ற நீலம் பொறுமை கெட்டு வேறு பக்கம் ஓடியிருந்தாள். மஞ்சள் மூச்சிரைக்க மைக்செட் பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது பொன்னுசாமி கையை விரித்தார்.

"குழந்தை வந்துச்சுங்க டீச்சர். வந்து பாத்துச்சு. நீங்க இல்ல. அப்படியே உங்களத் தேடிப் போயிருச்சு."

அப்போதுதான் சாந்தாமணிக்குப் புரிந்தது. பிள்ளை எங்கேயும் போகவில்லை. பிள்ளை அவளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது, நாலு பக்கமும் தெரிகிற அம்மாவை, எட்டிப் பிடிப்பதற்குள் ஓடிவிடுகிற அம்மாவை. ஒருத்தி வாய்க்கால் கரையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓடினால் பிள்ளையும் அந்தக் கரையில்தான் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். தேடத் தேடத் தானேதான் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நாலு பேராக ஆனதில் அவளுக்கு இருந்த கர்வமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"மைக்கைக் குடுங்க அண்ணா. தேர நிறுத்தச் சொல்லுங்க."

பொன்னுசாமி பதறினார். "நடு வீதியில தேரு நிக்கக் கூடாதுங்க டீச்சர். ஊருக்கு ஆகாது."

"தேரு நிக்கலைன்னா சனம் நிக்காது. சனம் நகந்துட்டே இருந்தா எம் புள்ள என் கண்ணுக்குத் தெரியாதுங்க."

பொன்னுசாமி தேரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் பேத்திகள் இருந்தார்கள். மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, பந்தல் மேடையின் விளிம்புக்குப் போய், தேர்முட்டியில் நின்றவருக்குத் தன் தோளில் கிடந்த துண்டைக் கீழே இறக்கிக் காட்டினார். அங்கேயும் வெள்ளைத் துண்டு இறங்கியது. முட்டுக்கட்டை விழுந்தது. தேர் ஒருமுறை முனகிவிட்டு நடுவீதியில் நின்றது, ஜமாப் மேளம் தானாக அடங்கியது.

சாந்தாமணி மைக்கில் பேசினாள். திடலெங்கும் மரத்துக்கு மரம் கட்டியிருந்த குழாய்களில் எல்லாம் அவள் குரல் கேட்டது.

"சாந்தாமணி, நில்லு. நீ எங்கெங்க இருந்தாலும் அங்கங்கயே நில்லு. ஓடாத. தேடாத. நில்லு." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "எல்லாரும் கொஞ்ச நேரம் நில்லுங்க சாமி. எம் புள்ள என்னத் தேடிட்டிருக்கறா. அவ மட்டும் நடக்கட்டும்."

வடத்தில் கை வைத்தவர்கள் வைத்த கையோடு நின்றார்கள். ராட்டினம் நின்றது, உச்சியில் மாட்டிக்கொண்டவர்கள் உச்சியிலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பொரி அளந்தவள் படியைத் தூக்கிய கையோடு, பலூன் ஊதியவன் உப்பிய கன்னத்தோடு, மடியில் தூங்கிய பேரப் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணவேணியக்கா தட்டுவதை நிறுத்திய கையோடு, வெள்ளியம்பாளையமும் சுத்துப்பட்டு ஊரும் கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றன. வழக்கமாக யார் பேச்சையும் கேட்காத வாலிபப் பையன்கள்கூட நின்றார்கள். மேடையின் மேலிருந்து மஞ்சள் பார்த்தாள். வளையல் கடைப் பக்கம் நீலம் நின்றிருந்தாள், கோயில் வாசலில் அரக்கு. தூரத்தில், வாய்க்கால் கரையில், கரையோரத்துப் புல்லில் ஒரு காலும் மேலே ஒரு காலுமாகப் பச்சை நின்றிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். அத்தனை பெரிய கூட்டத்தில் அசைந்தது ஒன்றே ஒன்றுதான். பச்சைக்குப் பின்னால், தண்ணீரை ஒட்டிய கரையில், ஒரு ரோஸ் பாவாடை ஓடி வந்துகொண்டிருந்தது.

மஞ்சளால் ஓட முடியாது, ஓடக் கூடாது. மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஆயுசில் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலையாக இருந்தது. பிள்ளை ஓரிடத்தில் சறுக்கியது, ஊரே ஒரு மூச்சை உள்ளே இழுத்தது, ஆனாலும் ஒருத்தரும் அசையவில்லை. எழுந்தது, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டது, பச்சை முந்தானையை எட்டிப் பிடித்துவிட்டது. பச்சை அப்படியே புல்லில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தாரணி அழவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. பச்சையின் கையைப் பிடித்து எழுப்பி இழுத்துக்கொண்டு, அசையாமல் நின்ற சனங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து நடந்து வந்தாள், வழியில் நீலத்தைப் பிடித்து நீலத்தின் கையில் பச்சையின் கையைக் கொடுத்தாள், கோயில் வாசலுக்குப் போய் அரக்கையும் அந்தச் சங்கிலியில் கோத்தாள், மூன்று அம்மாக்களை இழுத்துக்கொண்டு மைக்செட் மேடை ஏறி வந்து நாலாவது அம்மாவுக்கு எதிரில் நின்றாள். முகமெல்லாம் புழுதி, சடை ஒன்று அவிழ்ந்து தொங்கியது. மைக் இன்னும் மஞ்சளின் கையில்தான் இருந்தது, அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஏம்மா நீ இப்படிப் பண்ற?" என்று தாரணி போட்ட சத்தம் எல்லாக் குழாயிலும் கேட்டது. "நான் கிட்ட வந்தா நீ ஓடிப்போயிர்ற. அந்தப் பக்கம் போனா அங்கயும் ஓடிப்போயிர்ற. எனக்குக் கால் வலிக்குது. நான் ஒருத்தி எத்தன பேரத் தேடறது?"

கூட்டத்தில் எங்கோ ஒருத்தர் சிரித்தார், அப்புறம் பலர் சிரித்தார்கள், சிரித்தவர்களில் நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாந்தாமணி சிரிக்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் முகத்துப் புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி மைக்கிலேயே பதில் சொன்னாள்.

"இனிமே ஓட மாட்டேன் கண்ணு. மூணு பேரு எங்க வேணும்னாலும் போகட்டும். ஒருத்தி எப்பவும் நீ பாத்த எடத்துலயே நிப்பேன்."

வெள்ளைத் துண்டு மேலே ஏறியது. தேர் நகர்ந்தது. நடுவீதியில் நின்றதால் ஊருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

சொன்னதை அவள் அப்படியே செய்தாள். அடுத்த வாரமே பத்மநாபன் வீட்டுக்கு வந்து, பரீட்சை நெருங்குகிறது, நாலாவது வகுப்புக்கு ஆளில்லை, ஒருத்தியைச் சும்மா வைத்திருப்பது வீண்தானே, நீங்களே வேலையை எப்படிப் பிரிப்பது என்று பாடம் நடத்துகிறவர்தானே என்று தன்மையாகக் கேட்டார். மஞ்சள் சேலைக்காரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவருக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தாள்.

"மூணு பேரு வருவாங்க சார். நான் நிக்கறேன்."

"நிக்கறதுன்னா? என்ன வேலைங்க அது?"

"நிக்கற வேலைதானுங்க" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் காப்பி நன்றாக இருந்ததால் குடித்துவிட்டுப் போனார். ஊரில் முதலில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், கை நிறைய வேலை கிடக்கையில் ஒருத்தி கேட்டருகே சும்மா நிற்கிறாளே என்று. அப்புறம் அதுவும் பழகிப்போய், அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள்.

காலையில் பள்ளிக்கூட வேன் வந்தது. பச்சை சாப்பாட்டுப் பையை நீட்டிவிட்டுக் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடினாள், நீலமும் அரக்கும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். தாரணி வேனில் ஏறி, ஜன்னலோரத்து இடத்துக்காகச் சண்டை போட்டு ஜெயித்து உட்கார்ந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அம்மா கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பக்கத்துப் பிள்ளையோடு பேச ஆரம்பித்துவிட்டாள், வேன் தெருமுனை திரும்பும்வரை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கவே இல்லை.